காற்று சுமக்கும் வீடு

சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் காற்று அடிக்கச் சொன்னால், பட்டறைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "எத்தனை பவுண்டு?" என்பார். நாமும் முப்பது என்றோ முப்பத்தைந்து என்றோ சொல்வோம். அவர் அளவுமானியின் முள்ளைப் பார்ப்பார்; முள் அந்த எண்ணைத் தொட்டதும் குழாயை எடுத்துவிடுவார். வேலை முடிந்தது. சதுர அங்குலம் ஒன்றுக்கு இத்தனை பவுண்டு அழுத்தம் என்பதே அந்தச் சிறு உரையாடலின் பொருள். இதில் நமக்கு ஐயம் எதுவும் எழுவதில்லை.

இதே கேள்வியை வேறோர் இடத்தில் நான் கேட்டேன். அங்கே காற்று சக்கரத்துக்குள் இல்லை. ஒரு வீட்டின் அடியில் இருந்தது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் வீடு அது. அதன் பின்புறத்தை இரண்டு ரப்பர்ப் பைகளில் அடைத்த காற்று தாங்கி நின்றது. "எத்தனை பவுண்டு?" என்று நான் கேட்டேன். முப்பது ஆண்டுக் காலம் மாணவர்களுக்கு இயந்திரவியல் கற்பித்தவன் நான். அந்தக் கேள்வியே பிழையானது என்பதை அன்று ஒரு பட்டறைத் தொழிலாளியிடம் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தையும், அதற்குப் பின்னால் நிற்கும் மூன்றரை நூற்றாண்டு வரலாற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காற்றுக்கு வில்லின் குணம் உண்டு என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் ராபர்ட் பாயில். 1660-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'காற்றின் வில்' என்னும் தொடர் இடம்பெற்றது. அந்நூலின் இரண்டாம் பதிப்பு 1662-இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்யும் பாயில் விதி அதில்தான் வெளியாயிற்று. ஒரு முனை மூடிய, வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று எவ்வளவு சுருங்குகிறது என்று அவர் அளந்தார். குழாய் மிக நீளமாக இருந்தமையால் மாடிப்படியில் வைத்தே சோதனையை நடத்த வேண்டியதாயிற்று. வெப்பநிலை மாறாதிருக்கையில் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் காற்றின் கொள்ளளவு பாதியாகும் என்பது அவர் கண்ட முடிவு.

பாயிலுக்கு உதவியாளராக இருந்து காற்றிறைக்கும் கருவியைச் செய்து கொடுத்தவர் ராபர்ட் ஹூக். அதே ஹூக் பிற்காலத்தில் உலோக வில்லை ஆராய்ந்தார். எவ்வளவு சுமையோ அவ்வளவு நீட்சி என்னும் விதியை 1678-இல் விளக்கி எழுதினார். ஆகவே, காற்று வில், எஃகு வில் ஆகிய இரண்டின் இலக்கணமும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பழகிய இருவரிடமிருந்து, இருபது ஆண்டுகளுக்குள் உலகுக்குக் கிடைத்தது எனலாம். ஆயினும் வண்டியின் அடியில் இடம் பிடித்தது எஃகு வில்லே. காற்று வில் அந்த இடத்தை அடைய ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் காத்திருந்தது.

காரணம் எளிது. எஃகைத் தட்டி வளைக்கக் கொல்லனால் முடியும். காற்றைக் கசியாமல் அடைத்து வைக்க அக்காலத்தில் பொருள் ஏது? எனவே 19-ஆம் நூற்றாண்டின் குதிரை வண்டிகள் எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விற்களின்மேல் ஓடின. நம் நாட்டிலும் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை மூத்தோர் நன்கு அறிவர். கட்டை வண்டியில் சென்றவனுக்குப் பாதையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் கணக்காகும். வில்வண்டியில் வந்தவர் கசங்காத வேட்டியோடு இறங்குவார். பிற்காலத்தில் லாரிகளிலும் பேருந்துகளிலும் அதே தகட்டு வில் பெருத்து அமைந்தது. நம் பட்டறைக்காரர்கள் அதைக் கமான் பட்டை என்பார்கள்.

அந்தப் பட்டைக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஐம்பது பேரைச் சுமக்க வேண்டிய பேருந்துக்கு ஐம்பது பேருக்கு ஏற்ற வலிமையுள்ள பட்டையை அமைத்தாக வேண்டும். ஐவர் மட்டுமே ஏறிய இரவு வண்டியில் அது மிகவும் விறைப்பாக நிற்கும். ஆளற்ற பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து பயணம் செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும். எஃகு வில்லுக்குத் தெரிந்தது ஒரே சுமை. சுமை மாறினாலும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

காற்று முதலில் வண்டியின் சக்கரத்துக்குள்தான் புகுந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல், தமது இருபத்து மூன்றாம் வயதில், காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக் குழலில் காற்றை அடைத்து, மேலே தோலுறை போர்த்திக் குதிரை வண்டியில் மாட்டினார். 1847-இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் அதை ஓட்டிக் காட்டினார். வண்டி ஓசையின்றி ஓடியது. ஆனால் மெல்லிய, உறுதியான ரப்பரை மலிவாகச் செய்யும் தொழில் அப்போது வளரவில்லை. உலகம் அவரை மறந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக 1887-இல் அதே உத்தியைத் தாமாகவே கண்டறிந்தார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். தாம்சனின் பழைய உரிமை வெளிப்பட்டபோது, 1890-இல், டன்லப்பின் உரிமை செல்லாது என அறிவிக்கப்பட்டது. எனினும் சைக்கிளும் அதன்பின் மோட்டாரும் பெருகிய காலமாதலால், இம்முறை கண்டுபிடிப்பு மறையவில்லை.

சக்கரத்தில் வென்ற காற்றை வண்டியின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அமர்த்தினால் என்ன என்று சிலர் எண்ணினர். 1901-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான வில்லியம் ஹம்ப்ரீஸ் வண்டிகளுக்கான காற்று வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் பிரான்சு நாட்டு மெசியே காற்றின்மேல் மிதக்கும் கார்களைச் செய்தார். இவையெல்லாம் காலத்துக்கு முந்திய முயற்சிகள். 1930-களில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ரப்பரும் துணி இழையும் சேர்ந்த காற்றுப் பைகளை ஆராயத் தொடங்கியபோதுதான் நிலையான வழி பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அந்தப் பைகளைப் பேருந்துகளில் சோதித்தது. 1953-இல் காற்றுப் பைகளின்மேல் ஓடும் நெடுந்தூரப் பேருந்து விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கிரேஹவுண்டு நிறுவனத்துக்காக அதே தொழிற்சாலை செய்தளித்த 'சீனிக்குரூசர்' என்னும் மாடிப் பேருந்தும் காற்றின்மேலேயே ஓடியது.

பேருந்தில் காற்றுப் பை வெற்றி பெற்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பெரிய பேருந்துகளில் பிரேக்குக்காகக் காற்றழுத்தும் இயந்திரம் ஏற்கனவே இருந்தது. காற்றுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது, உயரம் காக்கும் வால்வு என்னும் சிறு கருவி. அதன் வேலையை நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். இன்றைய பேச்சின் உயிர் அதில்தான் உள்ளது.

வண்டியின் உடலில் ஒரு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு சிறு கரம் சக்கர அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆட்கள் ஏறுகிறார்கள், உடல் தாழ்கிறது, கரம் சாய்கிறது, வால்வு திறந்து பைக்குள் காற்று புகுகிறது. உடல் பழைய உயரத்துக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்கிறது. ஆட்கள் இறங்கினால் உடல் உயரும். மிகுந்த காற்று வெளியேறும். இந்த வால்வுக்கு அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. அது பார்ப்பது உயரம் ஒன்றைத்தான். உயரத்தை அது காத்தால், அழுத்தம் தானே வந்து அமைகிறது.

இதனால் விளையும் நன்மை பெரிது. சுமை கூடினால் பையின் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அந்தக் காற்று வில்லின் விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். ஆகவே ஐவர் ஏறிய வண்டியும் ஐம்பதின்மர் ஏறிய வண்டியும் ஏறக்குறைய ஒரே கதியில்தான் அசையும். எஃகு வில்லுக்குக் கைவராத பண்பு இது. சுமைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் வில்லாகக் காற்று அமைந்தது.

கார்களுக்கு இந்தப் பேறு எளிதில் கிட்டவில்லை. 1957-இல் காடிலாக் எல்டராடோ பிரோம் என்னும் விலையுயர்ந்த கார் காற்று வில்களோடு வந்தது. அடுத்த ஆண்டில் வேறு பல அமெரிக்கக் கார்களும் அதைப் பின்பற்றின. ஆனால் காற்றுக் கசிவு தீராத் தொல்லையாயிற்று. இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு தாழ்ந்து கிடந்தது. பலர் அவற்றைக் கழற்றிவிட்டுச் சுருள்வில்லை மாட்டிக்கொண்டனர். சில ஆண்டுகளிலேயே அந்தக் கார்களில் காற்று வில் கைவிடப்பட்டது. நாள்தோறும் பணிமனைக்குத் திரும்பிப் பேணுதல் பெறும் பேருந்துக்கும், வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் உள்ள வேறுபாடு அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததே மோட்டார் வீடு. 1973 முதல் 1978 வரை, ஜெனரல் மோட்டார்ஸின் லாரி, பேருந்துப் பிரிவு மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகரில் மோட்டார் வீடு ஒன்றைச் செய்து விற்றது. 23 அடி, 26 அடி என இரு நீளங்களில், 12,000-க்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. மற்ற மோட்டார் வீடுகள் பெரும்பாலும் லாரிச் சட்டத்தின்மேல் பெட்டியை ஏற்றியவை. ஏறுவதற்கே படிகள் வேண்டும். இதிலோ எஞ்சின் முன் சக்கரங்களை இயக்கியது. எனவே அடியில் நீண்ட சுழல்தண்டு இல்லை. பின்புறம் இருபக்கச் சக்கரங்களை இணைக்கும் குறுக்கு அச்சும் இல்லை. தளம் தரைக்கு மிக அருகே அமைந்தது.

அதன் பின்புற அமைப்பு தனி அழகுடையது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஒரு கரத்தின் நுனியில் சுழலும். அந்த இரு கரங்களுக்கும் நடுவே ஒரே ஒரு காற்றுப் பை படுக்கை வாட்டத்தில் கிடக்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அதன் கரம் பையை அழுத்தும். பை மற்றக் கரத்தைத் தள்ளும். இரு சக்கரங்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு ஒரு பை என, இரண்டே பைகள் அந்த வீட்டின் பின்பாரம் முழுவதையும் தாங்கின. முன்புறத்தில் முறுக்குத் தண்டுகள் எஃகு வில்லாகப் பணி செய்தன. ஹூக்கும் பாயிலும் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாக அமர்ந்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மிச்சிகனில் குடியேறியவர். 1976-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அத்தகைய மோட்டார் வீடு ஒன்றை அவர் பழையதாக வாங்கிச் செப்பனிட்டு வைத்திருந்தார். 2008-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நான் அவரிடம் விருந்தாளியாகச் சென்றேன். பழைய காற்றுக் குழாய்களை அவர் புதிதாக மாற்றியிருந்தார். வண்டியில் இருந்த தானியங்கி உயரக் கருவி வேலை செய்யாததால், பைகளுக்குக் கையாலேயே காற்று நிரப்ப வேண்டியிருந்தது. "ஐயா, நீங்களே அளவு சொல்லுங்கள்" என்றார். நானும் பெருமிதத்தோடு, "இரண்டு பைகளிலும் சரியாக நூறு பவுண்டு இருக்கட்டும்" என்றேன். இரண்டு சக்கரங்களுக்குச் சமமாகக் காற்று அடிப்பதுபோல, இரண்டு பைகளுக்கும் சமமாக அடித்தோம்.

எழுந்து நின்று பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தண்ணீர்த் தொட்டியும் குளிர்பெட்டியும் இருந்த பக்கம் தாழ்ந்தது. மறுபக்கம் தூக்கி நின்றது. முன்புறத்து எஃகுத் தண்டுகள் இல்லாதிருந்தால் சாய்வு இன்னும் மிகுந்திருக்கும். அடுத்த வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் பேருந்துப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர், வேலியருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வந்து என் கையிலிருந்த அழுத்தமானியை வாங்கிக் கீழே வைத்தார். தம் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீட்டினார். "பைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றதைப் பை சொல்லும்" என்றார்.

வண்டியின் கையேடு, சமதளத்தில் சட்டத்தின் குறிப்பிட்ட இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. நாடாவால் அளந்து, ஒரு பக்கம் காற்றை ஏற்றியும் மறுபக்கம் இறக்கியும், அந்த உயரத்துக்கு இரு பக்கத்தையும் கொண்டுவந்தோம். அதன்பின் மானியைப் பார்த்தபோது இரு பைகளின் எண்களும் வேறுவேறாக இருந்தன. அந்த வேறுபாடே இரு பக்கத்துச் சுமையின் வேறுபாடு. பையின் அழுத்தத்தை அது தாங்கும் பரப்பால் பெருக்கினால் சுமை கிடைக்கும். 40 சதுர அங்குலப் பரப்பில் 100 பவுண்டு அழுத்தம் என்றால் 4,000 பவுண்டு சுமை. இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சுமையே அழுத்தத்தை நிறுவுகிறது. நாம் நிறுவுவது உயரத்தைத்தான் என்னும் பொருள் அதில் அடங்கியிருப்பதை மட்டும் நான் படிக்கவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. மூன்றாம் நாள் இரவு கடுங்குளிர் விழுந்தது. காலையில் வண்டியின் ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. மறுபக்கமும் சிறிதளவு இறங்கியிருந்தது. ஓடிச்சென்று மானியை வைத்துப் பார்த்தேன். எண்கள் ஏறத்தாழ முன்போலவே இருந்தன! "அழுத்தம் குறையவில்லை, ஆகவே கசிவும் இல்லை" என்று மாணவரிடம் தீர்ப்புச் சொன்னேன். இதுவும் பிழையே.

சற்று எண்ணிப் பாருங்கள். பையின்மேல் நிற்கும் சுமை மாறவில்லை. ஆகவே அழுத்தமும் மாற வழியில்லை. காற்று குளிர்ந்தால் பையின் கொள்ளளவுதான் சுருங்கும். பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக் 1802-இல் வெளியிட்ட விதி இது. 27 பாகை வெப்பத்தில் இருந்த காற்று 0 பாகைக்குக் குளிர்ந்தால், அழுத்தம் மாறாத நிலையில், பதினொன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொள்ளளவு குறையும். வண்டி தாழும், மானி வாய் திறவாது. கசிவும் அப்படித்தான். காற்று சிறிது சிறிதாக வெளியேற, பை சுருங்கிக்கொண்டே வரும். உடல் கீழே உள்ள ரப்பர்த் தடுப்பில் அமரும் வரை மானியின் முள் பெரிதாக அசையாது. சக்கரத்தின் நோயை மானி சொல்லும். பையின் நோயை நாடாதான் சொல்லும்.

முதியவர் சோப்பு நீரைக் கரைத்துக் குழாய் இணைப்புகளில் தடவினார். மிகத் தாழ்ந்திருந்த பக்கத்தில், நாங்களே மாட்டிய ஓர் இணைப்பில், நுண்ணிய குமிழிகள் கிளம்பின. குளிர் இரு பக்கத்தையும் தாழ்த்தியது. கசிவு ஒரு பக்கத்தை மேலும் தாழ்த்தியது. அந்த இணைப்பை இறுக்க வேண்டுமானால் வண்டியின் அடியில் படுத்துச் செல்ல வேண்டும். தாழ்ந்த பக்கத்துக்குக் காற்றை ஏற்றி நிமிர்த்தினோம். மாணவர் திருகுசாவியோடு தரையில் படுத்தார். "நூறு பவுண்டு அழுத்தம் தாங்கி நிற்கிறது. அஞ்சாமல் போங்கள்" என்றேன். என் வாழ்வில் சொல்லியிருக்கக் கூடாத சொற்கள் அவை.

முதியவர் மாணவரின் காலைப் பற்றி நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் தம் கொட்டகைக்குச் சென்று இரண்டு கனத்த இரும்புத் தாங்கிகளைத் தூக்கி வந்தார். சட்டத்தின் உறுதியான இடம் பார்த்து அவற்றை நிறுத்தினார். சட்டத்துக்கும் தாங்கிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளிதான் இருந்தது. கையால் அசைத்துப் பார்த்த பிறகே மாணவருக்கு வழிவிட்டார். அடுத்த நொடிகளில் நடந்ததை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. திருகுசாவி இணைப்பைத் தொட்டதும் குழாய் தன் வாயிலிருந்து கழன்று தெறித்தது. பெருமூச்சுப்போல் ஓர் ஓசை. பை ஒரு நொடியில் சுருங்கியது. வீட்டின் ஒரு பக்கம் முழுவதும் கீழே இறங்கித் தாங்கிகளின்மேல் 'தொம்'மென்று அமர்ந்தது. தாங்கிகள் அசையவில்லை. மாணவர் உயிரோடு ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் புழுதி. எனக்கோ நிற்கக் கால்கள் துணைசெய்யவில்லை.

முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "காற்று நல்ல வேலைக்காரன், ஆனால் காவற்காரன் அல்லன்" என்று மட்டும் சொன்னார். பேருந்துப் பட்டறைகளில் அவர் காலத்துத் தொழிலாளர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. என்னிடம் இருந்ததெல்லாம் விதிகள். இழைகளால் வலுவூட்டிய ரப்பர்ப் பை எவ்வளவு அழுத்தம் தாங்கினாலும், அதன் வலிமை அதனோடு இணைந்த மிகச் சிறிய குழாயின் வலிமைதான் என்பதை எந்த விதியும் எனக்கு நினைவூட்டவில்லை.

அன்று மாலை புதிய இணைப்பைப் பொருத்தி, மீண்டும் நாடாவைக் கொண்டு உயரத்தைச் சரி செய்தோம். இம்முறை முதியவர் முழு முறையையும் கற்பித்தார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீரும் பண்டங்களும், பயணத்தில் எப்படி இருக்குமோ அப்படியே ஏற்றியிருக்க வேண்டும். வெற்று வண்டிக்கு அமைத்த உயரம் நிறை வண்டிக்குப் பயன்படாது. சக்கரங்களின் அழுத்தத்தை முதலில் சரிபார்த்துவிட்டு, அதன்பின் உயரத்தை அளக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டி வந்து, உறுப்புகள் தத்தம் இடத்தில் அமர்ந்த பிறகு மீண்டும் அளக்க வேண்டும். உயரம் சரியாக நின்றபின் இரு பைகளின் அழுத்தத்தையும் ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும். அந்த எண் கட்டளை அன்று, சாட்சி. மறுமுறை அதே உயரத்தில் எண் கூடியிருந்தால், வண்டியில் சுமை கூடிவிட்டது என்று பொருள். எடைமேடையில் நிறுத்தி அதை உறுதி செய்துகொள்ளலாம்.

லாரிச் சட்டத்தின்மேல் அமைந்த மோட்டார் வீடுகளில் கமான் பட்டைக்குத் துணையாகச் சிறு காற்றுப் பைகளைப் பின்னர் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அங்கும் முறை இதுவே. சுமை ஏற்றுமுன் உயரத்தை அளந்துகொண்டு, சுமை ஏற்றியபின், வண்டி மட்டமாக நிற்கும் வரை காற்றைக் கூட்ட வேண்டும். செய்தவர் குறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. சுமையே இல்லாத போதும் பையை வெறுமையாக விடக் கூடாது. மடிப்புகள் நசுங்கிக் கிழியும். வண்டி தாங்கும் எடைக்கு வகுத்த எல்லையைக் காற்றுப் பை உயர்த்திவிடும் என்று மயங்குவதும் கூடாது. பை வண்டியை நிமிர்த்தும். அச்சையும் சக்கரத்தையும் பிரேக்கையும் வலுப்படுத்தாது. நிமிர்ந்து நிற்கும் வண்டி பாரம் குறைந்த வண்டி அன்று என்பதை மறந்தவர்களுக்குத் துன்பம் நேர்ந்திருக்கிறது.

நேயர்களே, இந்தக் காற்று வில் அமெரிக்க நெடுஞ்சாலைக்கு மட்டும் உரியதன்று. சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018-இல் உருவான வந்தே பாரத் தொடர்வண்டியின் பெட்டிகளும் காற்று வில்களின்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. கூட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பெட்டியின் தளம் தன் உயரத்தைப் பெரிதும் இழப்பதில்லை. பெட்டியின் அடியில், 1953-ஆம் ஆண்டுப் பேருந்தில் செய்த அதே வேலையை, உயரம் காக்கும் வால்வு செய்துகொண்டிருக்கிறது. மாடிப்படியில் பாதரசம் ஊற்றிய பாயில் நம் காலடியிலும் இருக்கிறார்.

நான் ஊர் திரும்பும் நாளில் அந்த முதியவரிடம் விடைபெறச் சென்றேன். தம் அளவு நாடாவை எனக்கு நினைவுப் பொருளாகத் தந்தார். அது இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதன் முனை தேய்ந்து, முதல் அங்குலத்தின் கோடுகள் மங்கிவிட்டன. அந்த மாணவர் இன்றும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எனக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதத்தின் முடிவில் இரு பக்கத்து உயரத்தையும் குறித்து, அதன்கீழே இரு பைகளின் அழுத்தத்தையும் குறித்திருப்பார். உயரம் முதலில், அழுத்தம் பிறகு. அந்த வரிசை மாறாதிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கடிதத்தை மடித்து வைக்கிறேன்.